திரையில் நாற்று முளைக்காது! பாடத்தை வயலுக்குக் கொண்டு வா!



நம்ம சங்கத்துத் துண்டறிக்கை என்றால் நெல் விலை, வாய்க்கால் தூர்வாருதல், மும்முனை மின்சாரம், பயிர்க் காப்பீடு என்றுதான் இருக்கும். இந்த முறை வேளாண்மைக் கல்லூரியில் பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் நடத்துகிறார்கள் என்பதைப் பற்றி எழுத வந்திருக்கிறோம். "அது எதுக்கய்யா நமக்கு? நமக்கு இருக்கிற பாடே பெரும்பாடு" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

காரணம் இருக்கிறது. இன்றைக்கு அங்கே படிக்கிற பிள்ளைதான் நாளைக்கு நம்ம வட்டாரத்துக்கு வேளாண் அலுவலராக வரப்போகிறது. அந்தப் பிள்ளை எதைப் படித்ததோ அதுதான் நமக்குச் சிபாரிசாக வரும், மானியமாக வரும், திட்டமாக வரும். அது தப்பாக இருந்தால் அதிகாரிக்குச் சம்பளம் குறையாது. நம்ம களத்துமேட்டில்தான் மூட்டை குறையும்.

ஸ்மார்ட் விவசாயமாம்!

இப்போது எங்கே பார்த்தாலும் "ஸ்மார்ட் விவசாயம்", "நீடித்த நிலையான வேளாண்மை" என்கிற பேச்சுத்தான். மண்ணில் ஈரம் பார்க்கிற சென்சார், மருந்து அடிக்கிற ட்ரோன், செயற்கைக்கோள் படம், செல்போனில் மோட்டார் போடுகிற கருவி என்று வரிசையாகச் சொல்கிறார்கள். மத்திய அரசு 2024 செப்டம்பரில் டிஜிட்டல் வேளாண் இயக்கத்துக்கு 2,817 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் கொடுத்தது. அதற்கு முன்பே, 2023 நவம்பரில், மகளிர் சுய உதவிக் குழுக்கள் 15,000க்கு ட்ரோன் கொடுக்க 1,261 கோடி ரூபாயில் ஒரு திட்டம் அறிவித்தது. இவ்வளவு பணம் புரள்கிற இடத்தில் கல்லூரிகள் சும்மா இருக்குமா? இதையெல்லாம் பாடமாக வைக்கிறார்கள். வைக்கட்டும், நல்லதுதான். ஆனால் அதில் பெரும் பங்கை எங்கே நடத்துகிறார்கள்? திரையில்! கம்ப்யூட்டரில், செல்போனில்!

2020 மார்ச்சில் கொரோனா வந்து கல்லூரிகளைப் பூட்டினார்கள். அப்போது வேறு வழியில்லை. ஆன்லைன் வகுப்பு இல்லையென்றால் பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் வீணாகியிருக்கும். அதை நாங்கள் குறை சொல்லவில்லை. நம்ம ஊர்ப் பையன் ஒருவன் சிக்னல் கிடைக்காமல் மோட்டார் கொட்டகை மேல் ஏறி உட்கார்ந்து வேளாண்மைப் பாடம் கேட்டான். கொட்டகைக்கு மேலே வகுப்பு நடக்கிறது, கொட்டகைக்குக் கீழே அவன் அப்பா நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டுகிறார். ரெண்டுக்கும் நடுவில் பத்தடி உயரம். அந்தப் பத்தடியை இறங்கி வர அந்தப் பாடத்துக்கு வழியில்லையே என்று அன்றைக்கே நமக்கு உறுத்தியது.

கொரோனா போனது. ஆனால் அந்தப் பழக்கம் போகவில்லை. கட்டடம் வேண்டாம், பஸ் வேண்டாம், வயல் வேண்டாம், ஒருத்தர் பேசினால் ஆயிரம் பேர் கேட்கலாம் என்றால் செலவு மிச்சம்தானே? அதனால்தான் இப்போது பேச வேண்டியிருக்கிறது.

நாம் கண்ணால் பார்த்தது

2022 பிப்ரவரியில், தாளடி அறுப்பு முடிந்து போர் தண்ணீரில் கோடை நெல் நட்டிருந்த நேரம், ஒரு வேளாண்மைக் கல்லூரியிலிருந்து கிராமத் தங்கல் பயிற்சிக்கு மாணவிகள் நம்ம ஊருக்கு வந்தார்கள். தங்கமான பிள்ளைகள். வந்த அன்றே பஞ்சாயத்துக் கட்டடத்தில் நம்மை உட்கார வைத்து ட்ரோன் பற்றியும் சென்சார் பற்றியும் படம் போட்டு விளக்கினார்கள். ஒரு தடங்கல் இல்லாமல் பேசினார்கள். கேட்கவே பெருமையாக இருந்தது.

மறுநாள் வயலுக்குக் கூட்டிப் போனோம். நட்டு இருபது நாள் ஆன பயிர். நம்ம உறுப்பினர் ஒருவர் ஒரு குத்தைக் காட்டி, "பாப்பா, இது என்ன?" என்று கேட்டார். "நெல்லுங்க ஐயா" என்றது அந்தப் பிள்ளை. அது குதிரைவாலிப் புல்! களை பறிக்க வந்திருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் மெதுவாகச் சொன்னது: "ஐயா, நாங்க களைப் பாடம் முழுக்க செல்போனில்தான் படிச்சோம். படத்துல நெல்லு தனியா இருந்துச்சு, புல்லு தனியா இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணா நிக்கிறத இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

குற்றம் யார் மேல்? அந்தப் பிள்ளை மேலா? இல்லவே இல்லை. நெல்லுக்கு இலையும் அதன் உறையும் சேரும் இடத்தில் நாக்கு மாதிரி ஒரு சவ்வு இருக்கும், குதிரைவாலிக்கு அது இருக்காது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய பிள்ளைதான் அது. ஆனால் சேற்றில் இறங்கித் தாளை விரித்துப் பார்க்க யாரும் விடவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம்ம பாட்டன் சொன்னது சும்மாவா?

கதை இதோடு முடிந்திருந்தால் இந்த அறிக்கையே எழுதியிருக்க மாட்டோம். அதே பிள்ளைதான் நமக்கு ஒரு பெரிய உதவி செய்துவிட்டுப் போனது.

ஒரு அடி பைப்பு செய்த வேலை

ஒரு வாரம் கழித்து அந்தப் பிள்ளை ஒரு அடி நீளத்துக்குப் பிவிசி பைப்பை அறுத்து, கீழ்ப் பாதியில் சுற்றிலும் துளை போட்டுக்கொண்டு வந்தது. துளை போட்ட பாதி மண்ணுக்குள், மீதி மண்ணுக்கு மேல். உள்ளே இருக்கும் சேற்றை எடுத்துவிட்டால் வயலில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். மேலே தண்ணீர் வற்றி, பைப்புக்குள் அரையடி ஆழம் வரை இறங்கியபின் மறுபடி தண்ணீர் வைத்தால் போதும். வேர் காயாது. பூக்கிற நேரத்தில் மட்டும் ரெண்டங்குலம் தண்ணீர் குறையாமல் நிறுத்த வேண்டும். பிலிப்பைன்ஸில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறை இது. முப்பது சதவீதம் வரை தண்ணீர் மிச்சமாகும் என்று அவர்கள் சொல்கிறார்கள். தண்ணீர் கட்டியே கிடக்கும் வயலிலிருந்து கிளம்புகிற மீத்தேன் வாயுவும் குறையும்.

நம்ம உறுப்பினர் டீசல் என்ஜின் வைத்து இறைக்கிறவர். அதுவரை ரெண்டு நாளைக்கு ஒரு தரம் என்ஜின் ஓட்டியவர், அந்தக் களிமண் வயலில் நாலு நாள், அஞ்சு நாளைக்கு ஒரு தரம் ஓட்டினார். விளைச்சல் குறையவில்லை. அவருக்கு மிச்சமான டீசல் காசு எந்த மானியத்திலும் வராத காசு! அந்தப் பைப்பு இன்னும் அவர் வீட்டுப் பரணில் இருக்கிறது. கோடை நடவுக்கு ஒவ்வொரு தடவையும் எடுத்து வைக்கிறார்.

இதுவல்லவா ஸ்மார்ட் விவசாயம்? பேட்டரி இல்லை, சிம் கார்டு இல்லை, மாத வாடகை இல்லை.

அதே சமயம் அந்தப் பிள்ளையும் நம்மிடம் ஒன்று கற்றுக்கொண்டு போனது. "இதை எல்லா வயலிலும் வைக்கலாமே ஐயா" என்று கேட்டது. "வைக்க முடியாது பாப்பா. ஆத்துத் தண்ணி வர்ற காலத்துல எங்களுக்கு முறைப்பாசனம். இந்த முறையை விட்டா அடுத்த தண்ணி எப்ப வரும்னு தெரியாது. மேல் வயல்காரர் வயல் வழியா வந்து எங்களுக்கு வடியுது. காயப்போடுறது எங்க ஒருத்தர் கையில இல்ல" என்று சொன்னோம். நோட்டில் எழுதிக்கொண்டது. அந்தப் பாடம் அதன் கம்ப்யூட்டரில் இல்லை. பைப்பு போர் தண்ணீருக்குச் சரி. ஆற்றுத் தண்ணீருக்கு வாய்க்கால் முழுக்கச் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். இந்த வித்தியாசத்தை நாளைக்கு அதிகாரியாக வரும்போது அந்தப் பிள்ளை மறக்காது.

பெருமக்களே! நாங்கள் சொல்ல வருவது இவ்வளவுதான். திரை தப்பில்லை. அந்தப் பைப்பைப் பற்றி அந்தப் பிள்ளை முதலில் கேட்டதே ஆன்லைன் வகுப்பில்தான். ஆனால் திரையில் ஆரம்பித்த பாடம் வயலில் முடிந்தது. அதனால்தான் அது பாடம் ஆனது. திரையிலேயே முடிந்திருந்தால் அது வெறும் மார்க்.

திரையில் தெரியாத சங்கதிகள்

மண் ஈரம் பார்க்கும் சென்சார் படத்தில் அழகாக வேலை செய்யும். நம்ம களிமண் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பு விழுந்தால் சென்சாருக்கும் மண்ணுக்கும் ஒட்டு விட்டுப் போகும். காட்டுகிற எண் தப்பாகும். அதன் ஒயரை எலி கடிக்கும். இதெல்லாம் பாடத்தில் வருகிறதா?

ட்ரோன் நல்ல கருவிதான், மறுக்கவில்லை. தெளிப்பானை முதுகில் சுமந்து, மருந்து நெடியில் மயங்கி விழுந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்த வேதனை குறையுமென்றால் வரவேற்கிறோம். ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது ரெண்டு ஏக்கருக்கும் கீழே. நூற்றுக்குத் தொண்ணூற்றி மூன்று பேர் சிறு, குறு விவசாயிகள். அந்த நிலமும் ஒரே தாக்கில் இல்லை. அங்கே மூணு மா, இங்கே ரெண்டு மா. வரப்பில் தென்னை, மேலே கரண்ட் கம்பி, பக்கத்து வயலில் கீரை. அங்கே ட்ரோன் பறந்தால் காற்றில் மருந்து எங்கே போகும்? கீரைக்காரருக்கு யார் பதில் சொல்வது? ட்ரோன் வாங்க நம்மால் முடியாது, வாடகைக்கு எடுத்தால் ஏக்கருக்கு என்ன ஆகும், கூலி ஆள் செலவோடு ஒப்பிட்டால் என்ன மிச்சம்? இந்தக் கணக்கைப் போடத் தெரியாத பிள்ளைக்கு ட்ரோன் பாடத்தில் எப்படி மார்க் போடுகிறார்கள்?

இலை வண்ண அட்டை என்று ஒன்று உண்டு. காலையில், நம்ம நிழலிலேயே இலையை வைத்து, பத்து இலையின் பச்சையை அட்டையோடு ஒப்பிட்டு, யூரியா போடணுமா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். விலை மிகக் குறைவு. இதைப் பற்றி எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? சாதாரணப் பொருள் என்பதால் இதைத் தூக்கிப் பிடிக்க ஆள் இல்லை!

நமக்குத் தெரிந்த ஒரே ஸ்மார்ட் கருவி

நம்மில் பெரும்பாலோர் வருஷம் தவறாமல் பார்க்கிற டிஜிட்டல் கருவி எது தெரியுமா? கொள்முதல் நிலையத்தில் இருக்கிற ஈரப்பத மானி! 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் நம்ம நெல் திரும்பி வரும். மழையில் நனைந்து, போராடி, கெஞ்சி, 2022 அக்டோபரில் அதை 19 ஆகத் தளர்த்த வைத்தோம். ஆனால் அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது, அது சரியாகக் காட்டுகிறதா என்று எப்படிச் சோதிப்பது, ஒரே சிப்பத்தில் மேலே எடுத்த நெல்லும் அடியில் எடுத்த நெல்லும் ஏன் வேறு வேறு எண் காட்டுகிறது என்று நமக்கு யாராவது சொல்லித் தந்தார்களா? நம்மை மறுக்கிற கருவி மட்டும் ஊருக்கு வந்துவிட்டது. நமக்கு உதவுகிற கருவியைப் பற்றிய பாடமோ இங்கிலீஷில், பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய வகுப்பில் கிடக்கிறது!

நன்றி மறந்தவர்கள் அல்ல

பல்கலைக்கழகமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 1922இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகங்களைத்தான் தலைமுறையாக விதைத்துக்கொண்டிருக்கிறோம். 2008இல் கோவைப் பக்கம் பப்பாளியில் மாவுப்பூச்சி வந்து, மரவள்ளிக்கும் மல்பெரிக்கும் பரவி, விவசாயிகள் கதறினார்களே, நினைவிருக்கிறதா? என்ன மருந்தடித்தும் அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து, பெருக்கி, வயல்களில் விட்டார்கள். சில மாதங்களில் அடங்கியது. மருந்துச் செலவும் இல்லை, மண்ணுக்குக் கேடும் இல்லை. இதுதான் நீடித்த வேளாண்மை! அது எப்படி ஜெயித்தது? விஞ்ஞானிகள் தோட்டம் தோட்டமாக வந்து குளவியை விட்டதால் ஜெயித்தது. திரையில் குளவியைக் காட்டியிருந்தால் மாவுப்பூச்சி செத்திருக்குமா?

வயலுக்கு அனுப்ப முடியாதாம்! பின்னே சர்வேக்கு எப்படி அனுப்பினீர்கள்?

மாணவர்களை ஒரு பட்டம் முழுவதும் வயலுக்கு அனுப்புங்கள் என்று கேட்டால், "ஆள் இல்லை, நிதி இல்லை, பாதுகாப்பு இல்லை" என்பார்கள். 2024 நவம்பரில் நடந்தது என்ன? டிஜிட்டல் பயிர் சர்வேக்குக் கிராம நிர்வாக அலுவலர்கள் மறுத்ததும், தமிழ்நாடு முழுக்க வேளாண்மைக் கல்லூரி மாணவ மாணவிகளைக் கையில் செல்போனோடு வயலில் இறக்கினார்களே! பாம்புக்கும் பூச்சிக்கும் பயந்து, வழி தெரியாமல் அந்தப் பிள்ளைகள் பட்ட பாடு பத்திரிகைகளில் வந்ததே! புல எண்ணைப் பதிந்து, போட்டோ எடுத்து அனுப்ப மட்டும் பிள்ளைகள் வேண்டும். அதே வயலில் நின்று தொழில் கற்றுக்கொள்ள மட்டும் வழியில்லையா? சம்பளம் வாங்குகிறவர் செய்ய வேண்டிய வேலையைப் பிள்ளைகள் தலையில் கட்டினார்கள். படிப்பை மட்டும் திரைக்கு அனுப்பினார்கள். இது என்ன நியாயம்?

கிராமத் தங்கல் பயிற்சி புதிதல்ல. 1992இலேயே ரந்தாவா குழு சிபாரிசு செய்தது. 2015இல் "ஸ்டூடண்ட் ரெடி" என்று பெயர் வைத்து மத்திய அரசே தொடங்கியது. திட்டம் இருக்கிறது, அதை முழுதாக நடத்துங்கள் என்றுதான் கேட்கிறோம். சில வாரம் வந்து, பேனர் கட்டி, போட்டோ எடுத்து, பேப்பரில் செய்தி போட்டுவிட்டுப் போவதற்குப் பெயர் பயிற்சியா? நாற்று விட்ட அன்றைக்கு இருந்த பிள்ளை அறுப்பு அன்றைக்கும் இருக்க வேண்டாமா? கொள்முதல் நிலைய வாசலில் நம்மோடு ஒரு ராத்திரி நெல்லுக்குக் காவல் கிடந்து பார்க்க வேண்டாமா?

நமது கோரிக்கைகள்

1. அரசுப் பல்கலைக்கழகமும் அரசு நிதி பெறும் கல்லூரிகளும் நடத்தும் ஸ்மார்ட் வேளாண்மை, நீடித்த வேளாண்மை ஆன்லைன் வகுப்புகளைத் தமிழில், கட்டணமில்லாமல் விவசாயிகளுக்கும் திறந்துவிட வேண்டும். நம்ம வரிப்பணத்தில் நடக்கிற வகுப்புக்கு நமக்கே பூட்டு எதற்கு? செல்போன் இல்லாதவர்கள் பார்க்க வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் மாதம் ஒரு நாள் திரையிட வேண்டும்.

2. ஒவ்வொரு மாணவரும் நாற்றங்கால் முதல் கொள்முதல் வரை ஒரு முழுப் பட்டம் ஒரு சிறு விவசாயியின் வயலில் இருக்க வேண்டும். தங்குமிடம், சாப்பாடு, பஸ் செலவு, விபத்துக் காப்பீடு அரசே ஏற்க வேண்டும். மாணவிகளுக்குப் பாதுகாப்பான தங்குமிடம் கட்டாயம்.

3. அந்தப் பட்டத்துக்கு மார்க் போடுவதில் ஒரு பங்கு அந்த வயலின் விவசாயிக்கும், அங்கே வேலை செய்யும் பெண்களுக்கும் இருக்க வேண்டும். புல் எது, நெல் எது என்று அவர்களை விட யாருக்குத் தெரியும்?

4. எந்தக் கருவியைச் சிபாரிசு செய்தாலும், ரெண்டு ஏக்கருக்கு என்ன செலவு, என்ன மிச்சம், பழுதானால் யார் பார்ப்பது என்ற கணக்கைச் சேர்த்தே பாடம் நடத்த வேண்டும். சேர்த்தே மானியம் அறிவிக்க வேண்டும்.

5. ட்ரோன் முதலிய விலை கூடிய கருவிகளைத் தனியாரிடம் விடாமல் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம், எழுதிப் போட்ட நியாயமான வாடகைக்குத் தர வேண்டும்.

6. ஒவ்வொரு கொள்முதல் நிலையத்திலும் ஈரப்பத மானியை விவசாயிகள் முன்னிலையில் சோதித்துக் காட்ட வேண்டும். அந்தச் சோதனையை மாணவர்களுக்குப் பாடமாகவே வைக்கலாம்.

7. நம்ம வயலிலிருந்து எடுக்கிற படமும் கணக்கும் யார் கைக்குப் போகிறது, எதற்குப் பயன்படுகிறது என்பதைத் தமிழில் எழுதித் தர வேண்டும். பட்டா இல்லாத குத்தகை விவசாயிகளையும் சாகுபடிதாரர்களாகப் பதிவு செய்ய வேண்டும்.

நாமும் செய்ய வேண்டியது

அரசாங்கத்தை மட்டும் கேட்டால் போதாது. நம்ம பக்கமும் குறை இருக்கிறது. பிள்ளைகள் ஊருக்கு வந்தால், "சின்னப் பசங்க, என்ன தெரியும் இவங்களுக்கு" என்று ஒதுங்கிப் போகிறோம். சிரித்து அனுப்பிவிடுகிறோம். இனி அப்படி வேண்டாம். ஊருக்கு ரெண்டு பேர் தங்கள் வயலில் ரெண்டு மா நிலத்தைச் சோதனைக்கு ஒதுக்க முன்வாருங்கள். முழு வயலையும் கேட்கவில்லை. ரெண்டு மா போதும். பக்கத்திலேயே பழைய முறை, பக்கத்திலேயே புது முறை. அறுத்து, நிறுத்து, கணக்கை நாமே எழுதுவோம். நல்லதென்றால் எடுத்துக்கொள்வோம். இல்லையென்றால் "இல்லை" என்று எழுத்தில் கொடுப்போம். பைப்பு வைக்க விரும்புகிறவர்கள் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். துளை போட்டுத் தரச் சங்கம் ஏற்பாடு செய்யும்.

பெருமக்களே! வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு எல்லாக் கிளைகளிலிருந்தும் திரண்டு வாருங்கள். வேளாண்மை படிக்கிற நம்ம பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். இது அவர்கள் கோரிக்கையும்தான். ஆளுக்கொரு ஒட்டு நெற்பயிரும் ஒரு ஒட்டு குதிரைவாலிப் புல்லும் கையில் எடுத்து வாருங்கள். மாவட்ட ஆட்சியர் மேஜையில் மனுவோடு சேர்த்து வைப்போம். "இதில் நெல் எது என்று திரையைப் பார்க்காமல் சொல்லக்கூடிய அதிகாரியை எங்களுக்குக் கொடுங்கள்" என்று கேட்போம். கேட்டுக் கிடைக்காவிட்டால் அடுத்த கட்டப் போராட்டத்தைச் செயற்குழு கூடி அறிவிக்கும்.

பூட்டாதே! பூட்டாதே! உழவர் படிக்கும் பாடத்தைப் பூட்டாதே!

அனுப்பு! அனுப்பு! மாணவரை வயலுக்கு அனுப்பு!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்